துடிப்புக் கோளாற்றின் பிறப்பிடம் தேடல்: மதுரைச் சமவெளியை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வின் எல்லை

மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், வாடிப்பட்டி வட்டாரங்களிலிருந்து மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கு, மக்கள் வழக்கில் பெரியாஸ்பத்திரிக்கு, படபடப்பு என்று சொல்லி வருகிறவர்கள் உண்டு. அவர்களில் பலருக்கு மருத்துவர் முன்னால் உட்காரும்போது எந்தப் படபடப்பும் இருப்பதில்லை. வயலில் குனிந்து எழுந்தபோது திடீரென்று தொடங்கி, அரை மணி நேரம் நெஞ்சையும் கழுத்தையும் உலுக்கி, தொடங்கியதைப் போலவே திடீரென்று நின்றிருக்கும். பேருந்து பிடித்து வந்து சேர்வதற்குள் நாடி 80க்கு இறங்கியிருக்கும். இசிஜி எடுத்தால் இயல்பு என்று வரும். இதயத் துடிப்புக் கோளாறுகளை ஆராய்வதில் உள்ள முதல் சிக்கல் இதுதான். நோய் தலைகாட்டும் நேரம் சிறிது. மற்ற நேரங்களில் அது தடயம் விட்டுவைப்பது அரிது.

இத்தகைய கோளாறு இதயத்தின் எந்தப் புள்ளியில் பிறக்கிறது, எந்தப் பாதையில் சுற்றுகிறது என்று கண்டறியும் தொழில்நுட்பங்களே இக்கட்டுரையின் பொருள். விரைவுத் துடிப்புகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். துடிப்பு மந்தமாகிப் பேஸ்மேக்கர் தேவைப்படும் நோய்கள் தனி ஆய்வுக்குரியவை. வாதத்தை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன். பிறப்பிடம் தேடும் வேலை விலையுயர்ந்த கருவிகள் நிறைந்த கதீட்டர் ஆய்வகத்தில் (கேத் லேப்) முடிகிறது. அது தொடங்குவதோ, படபடப்பு இருக்கும்போதே எங்கோ ஓர் ஊரில் எடுக்கப்படும் இசிஜித் தாளில். மதுரைச் சமவெளியின் நோயாளிகளுக்கு அறுந்து கிடப்பது பெரும்பாலும் இந்த முதல் கண்ணி.

2. மின்பாதை அறியப்பட்ட வரலாறு

இதயம் தன் மின்தூண்டலைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. வலது மேலறையின் உச்சியில் உள்ள சைனஸ் கணுவில் பிறக்கும் தூண்டல் இரு மேலறைகளிலும் பரவி, ஏவி கணுவில் சற்றுத் தாமதித்து, ஹிஸ் கற்றை வழியே கீழறைகளுக்கு இறங்குகிறது. இயல்பான இதயத்தில் மேலிருந்து கீழே செல்ல இந்த ஒரு வழிதான் உண்டு.

இப்பாதை கண்டுபிடிக்கப்பட்டது கீழிருந்து மேலாக. 1893இல் வில்ஹெல்ம் ஹிஸ் கற்றையை விவரித்தார். 1906இல் ஜெர்மனியின் மார்பர்க் நகரில், லுட்விக் ஆஷாஃபின் ஆய்வகத்தில் உழைத்த ஜப்பானியர் சுனாவோ தவாரா ஏவி கணுவை விளக்கினார். 1907இல் ஆர்தர் கீத்தும் மார்ட்டின் ஃபிளாக்கும் சைனஸ் கணுவை அறிவித்தார்கள். ஃபிளாக் அப்போது மருத்துவ மாணவர்; அவர் அதை முதலில் கண்டது ஓர் அகழெலியின் இதயத்தில். இதே காலத்தில் நெதர்லாந்தின் வில்லம் ஐந்தோவன் கம்பிக் கால்வனோமீட்டரால் இதயத்தின் மின்னோட்டத்தை உடலின் மேற்பரப்பிலிருந்தே பதிவுசெய்தார்; 1924இல் நோபல் பரிசு பெற்றார். பாதையை உடற்கூறு காட்டியது, அதில் ஓடும் மின்சாரத்தை இசிஜி காட்டியது. பின்னால் வந்த கருவிகள் எல்லாம் இவ்விரண்டையும் ஒரே படத்தில் இணைக்கும் முயற்சிகள்.

3. கோளாறு பிறக்கும் முறை

எதைத் தேடுகிறோம் என்பது இங்கே தீர்மானமாகிறது. விரைவுத் துடிப்புகள் பெரும்பாலும் இரு முறைகளில் பிறக்கின்றன. முதலாவது குவிய முறை: ஒரு சிறு திசுப் பகுதி சைனஸ் கணுவை முந்திக்கொண்டு தூண்டல்களை வெளியிடுகிறது, அலை அங்கிருந்து எல்லாத் திசைகளிலும் பரவுகிறது. இரண்டாவது சுழல் முறை: மின்னலை ஒரு வளையத்துக்குள் சிக்கி, தான் கடந்த இடத்துக்கே திரும்பத் திரும்ப வந்து சேர்கிறது.

குவிய முறையில் பிறப்பிடம் என்ற சொல் நேராகப் பொருந்துகிறது. அலை மிக முன்னதாகத் தொடும் புள்ளியைக் கண்டால் போதும். சுழல் முறையில் அப்படி ஒரு புள்ளியே கிடையாது. மாசி வீதிகளில் தேர் ஓயாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், எந்த வீதியில் புறப்பட்டது என்று கேட்பதில் பயனில்லை. வழி எங்கே மிகக் குறுகுகிறது என்று பார்த்து அங்கே மறிக்க வேண்டும். வலது மேலறையில் முக்கிதழ் வால்வைச் சுற்றி ஓடும் ஏட்ரியல் ஃப்ளட்டரில் அந்தக் குறுகல், வால்வுக்கும் கீழ்ப்பெருஞ்சிரைக்கும் நடுவில் உள்ள திசுப்பட்டை. அதன் குறுக்கே ஒரு கோடு சுட்டால் சுழல் அறுகிறது.

இளம் வயதினரும் நடுவயதுப் பெண்களும் சொல்லும் திடீர்ப் படபடப்புகளில் மிகுதியானவை சுழல் வகையே. ஏவி கணுவை ஒட்டி விரைவு, மந்தம் என இரு வழிகள் இருந்து அவற்றுக்குள் அலை சுற்றுவது ஒன்று. பிறவியிலேயே மேலறைக்கும் கீழறைக்கும் இடையே கூடுதலாக ஒரு தசையிழை அமைந்து அதன் வழியே சுற்றுவது மற்றொன்று. இக்கூடுதல் இழையின் இசிஜி அடையாளத்தை 1930இல் விவரித்த வுல்ஃப், பார்க்கின்சன், ஒயிட் ஆகிய மூவரின் பெயரால் அந்நோய் இன்றும் அழைக்கப்படுகிறது.

4. முதல் வரைபடம்: இசிஜித் தாள்

4.1 தாளில் தெரிவது

பன்னிரு முனை இசிஜி என்பது ஒரே துடிப்பைப் பன்னிரண்டு கோணங்களிலிருந்து எழுதிய பதிவு. அலை ஒரு முனையை நோக்கி வந்தால் கோடு மேலே எழும்; விலகிச் சென்றால் கீழே இறங்கும். இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டு தேர்ந்த மருத்துவர் பிறப்பிடத்தைச் சில சென்டிமீட்டர் வட்டத்துக்குள் குறுக்கிவிடுகிறார். கீழறையின் மிகைத்துடிப்பு இரண்டு, மூன்று, ஏவிஎஃப் முனைகளில் உயர்ந்து நின்று, இடது கற்றைத் தடையின் தோற்றமும் காட்டினால், அது வலது கீழறையிலிருந்து நுரையீரல் தமனி புறப்படும் வாயிலில் பிறந்திருக்கக்கூடும். கூடுதல் இழை இருப்பவருக்குக் கீழறைப் பதிவின் தொடக்கத்தில் தெரியும் சாய்வு எந்த முனையில் மேலே, எந்த முனையில் கீழே என்று பார்த்தே இழை வலப்பக்கமா இடப்பக்கமா, முன்னா பின்னா என்று சொல்லிவிடலாம். மேலறை நிமிடத்துக்கு 300 தடவை சுற்ற, ஏவி கணு இரண்டுக்கு ஒன்றை மட்டும் அனுமதித்து, நாடி 150இல் அசையாமல் நின்றால் ஃப்ளட்டரை நினைக்க வேண்டும்.

இவ்வளவும் ஒரு தாளில் கிடைக்கிறது. இதற்கு மேல் எழும்பும் எந்தக் கருவியும் இந்தத் தாள் தரும் கேள்வியோடுதான் உள்ளே நுழைகிறது.

4.2 தவறிப்போகும் பதிவு

1997இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வை இங்கே சொல்ல வேண்டும். திடீர் மேலறை விரைவுத் துடிப்பு உறுதிசெய்யப்பட்ட 107 நோயாளிகளின் பழைய வரலாற்றைப் பார்த்தபோது, அவர்களில் 55 விழுக்காட்டினருக்கு முதல் பரிசோதனையில் நோய் கண்டுகொள்ளப்படவே இல்லை. பதற்ற நோய் என்ற முத்திரை ஆண்களைவிடப் பெண்கள் மேல் கூடுதலாக விழுந்திருந்தது.

நம் ஊர்களில் அம்முத்திரைக்கு வேறு பெயர்கள். பயந்த கோளாறு, நரம்புத் தளர்ச்சி, கேஸ், மாமியார் வீட்டுக் கவலை. கோடாங்கியிடம் போய் மந்திரித்துக் கயிறு கட்டிக்கொண்ட பிறகு படபடப்பு சில மாதங்கள் வராமலிருப்பதும் உண்டு. இடைவிட்டு வருவது இந்நோயின் இயல்பு என்பதால் கயிற்றுக்கு நற்பெயர் கிடைத்துவிடுகிறது. இப்படிக் கயிறு கட்டிக்கொள்ளும் பெண்களை நான் குறை சொல்லமாட்டேன். திடீர்த் தொடக்கம், திடீர் முடிவு, கழுத்தில் துடிப்பு, விட்டபின் நிறையச் சிறுநீர் போவது என்று அவர்கள் சொல்லும் வருணனையில் நோய் முழுதும் அடங்கியிருக்கிறது. கேட்பவர் அதை நோய்க்குறியாகக் கேட்க வேண்டும்.

நோயாளி படபடப்போடே ஒரு மருத்துவமனைக்கு வந்துவிட்டாலும் பதிவு தவறலாம். அடினோசின் 6 மில்லிகிராம் விரைவாகச் சிரையில் செலுத்தினால் ஏவி கணு சில நொடிகள் அடைபட்டு, அதன் வழியே சுற்றும் சுழல் அறுந்துபோகும். அந்தச் சில நொடிகளில் இசிஜித் தாள் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். சுழல் எந்த இடத்தில் அறுந்தது, அல்லது அறாமல் மேலறையின் ஃப்ளட்டர் அலைகள் வெளிப்பட்டனவா என்பதை அது சொல்லிவிடும். துடிப்பு அடங்கிய பிறகு எடுக்கும் தாளுக்கு அந்த மதிப்பு இல்லை. ஊசி போட்டு உயிர்ப்பயம் நீக்கும் அவசரத்தில் பதிவை மறப்பது மனித இயல்பு. ஆனால் அந்த மறதியின் விலையை நோயாளி ஆண்டுக்கணக்கில் கொடுக்கிறார்.

எடுத்த தாளும் நிலைப்பதில்லை. பெரும்பாலான இசிஜிகள் வெப்பத்தால் கறுக்கும் தாளில் அச்சாகின்றன. சூட்டிலும் வெளிச்சத்திலும் அது மங்கும்; பிளாஸ்டிக் உறையில் ஒட்டிக்கொண்டு எழுத்தை இழக்கும். மதுரைப் பக்கத்துச் சித்திரை, வைகாசி வெயிலில் தகரக்கூரைக்கு அடியில் பையில் கிடந்த தாளில் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குப் பின் வெறும் சாம்பல் நிறமே மிஞ்சலாம். அன்றே ஒரு ஜெராக்ஸ், கைபேசியில் ஒரு படம். இந்த ஆய்வில் நான் பரிந்துரைக்கும் தொழில்நுட்பங்களில் மிக மலிவானது இதுதான். மிகப் பயனுள்ளதும் இதுவாக இருக்கலாம்.

கைக்கடிகாரத்திலும் கைபேசியோடு இணையும் தகட்டிலும் இன்று இசிஜி எடுக்க முடிகிறது. அவை ஒற்றை முனைப் பதிவுகள். துடிப்பு விரைவா, ஒழுங்கா ஒழுங்கற்றதா என்று காட்டும். எங்கே பிறந்தது என்பதற்கு ஒரு கோணம் போதாது. 24 மணி நேர ஹோல்டர் பதிவும் மாதத்துக்கு ஒருமுறை வரும் படபடப்பைப் பிடிப்பது அரிது.

5. உள்ளே சென்று கேட்டல்

1967இல் ஆம்ஸ்டர்டாமில் டர்ரரும் பாரிஸில் கூமலும், இதயத்துக்குள் செலுத்திய கம்பியால் திட்டமிட்ட மின்தூண்டல் கொடுத்து, விரைவுத் துடிப்பை வேண்டும்போது தொடங்கவும் நிறுத்தவும் முடியும் என்று காட்டினார்கள். 1969இல் ஷெர்லாக் குழுவினர் ஹிஸ் கற்றையின் மின்குறியைக் கதீட்டர் மூலம் பதிவுசெய்தனர். நோய் தானாக வரும்வரை காத்திருக்க வேண்டிய நிலை இதனால் மாறியது. இன்றைய இதய மின்னியல் (இபி) ஆய்வின் அடித்தளம் இதுவே.

தொடைச் சிரை வழியாக மூன்று நான்கு மெல்லிய கதீட்டர்கள் இதயத்தின் வெவ்வேறு இடங்களில் அமர்த்தப்படுகின்றன. துடிப்பு தூண்டப்பட்டதும் எந்தக் கதீட்டரில் மின்குறி முந்துகிறது என்பது மில்லிநொடிக் கணக்கில் அளக்கப்படுகிறது. இடம் கிடைத்த பின் அதை அழிக்கும் வழி மெல்லத்தான் வந்தது. 1968இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் சீலி என்ற அறுவை மருத்துவர் மார்பைத் திறந்து ஒரு மீனவரின் கூடுதல் இழையை அறுத்தார். 1982இல் கதீட்டர் வழியே நேர்மின் அதிர்ச்சி கொடுத்துத் திசுவை அழித்தார்கள். அந்த அடி கட்டுக்கடங்காதது. அதன்பின் ரேடியோ அதிர்வெண் மின்னாற்றல் வந்தது; கதீட்டர் நுனியைத் தொடும் திசு 50 டிகிரி செல்சியசைத் தாண்டும்போது அது மீளாதபடி அழிகிறது, அழிவு சில மில்லிமீட்டர் ஆழத்தோடு நிற்கிறது. 1991இல் ஜாக்மன் முதலியோரின் ஆய்வு வெளியானபின் மார்பைத் திறக்கும் தேவை இவ்வகை நோய்க்கு அநேகமாக முடிந்தது.

ஏவி கணுச் சுழலுக்கும் பெரும்பாலான கூடுதல் இழைகளுக்கும் எக்ஸ்ரே திரை, கதீட்டர்கள், பதிவுக் கருவி, நல்ல கண் இவை போதும். நோய் நீங்கும் வாய்ப்பு ஏவி கணுச் சுழலில் 95 விழுக்காட்டுக்கு மேல். முப்பரிமாணக் கருவி இல்லாததால் சிகிச்சை இல்லை என்று ஓர் இளம் நோயாளியைத் திருப்பி அனுப்ப அநேகமாகக் காரணமே இல்லை.

6. முப்பரிமாண வரைபடம்

6.1 இடத்தை அறியும் வழி

எக்ஸ்ரே திரையில் கதீட்டர் தெரியும். இதயத்தின் உட்சுவர் தெரியாது. இக்குறை 1990களில் நீங்கியது. இஸ்ரேலைச் சேர்ந்த ஷ்லோமோ பென்-ஹைம் முதலியோர் உருவாக்கிய கார்ட்டோ முறையில், நோயாளி படுக்கும் மேசைக்கு அடியில் வைத்த மூன்று சுருள்கள் வலுக்குறைந்த காந்தப்புலங்களை எழுப்புகின்றன. கதீட்டர் நுனியில் உள்ள உணரி மூன்றின் வலிமையையும் அளந்து தன் இருப்பிடத்தை ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் துல்லியத்தில் சொல்கிறது. என்சைட் முறை வேறு வழியில் போகிறது. உடலில் ஒட்டிய மூன்று இணைத் தகடுகள் வழியே உணர முடியாத அளவு சிறிய மின்னோட்டம் பாய்ச்சி, கதீட்டர் முனையில் தெரியும் மின்னழுத்தத்தைக் கொண்டு இடத்தைக் கணிக்கிறது. மூச்சும் உடலின் நீரளவும் மாறினால் இக்கணிப்பு சற்று நகரும். அதனால் பிந்தைய கருவிகள் காந்தத்தையும் மின்தடையையும் சேர்த்தே பயன்படுத்துகின்றன.

6.2 நிறம் சொல்வதும் சொல்லாததும்

கதீட்டர் உட்சுவரைத் தொடும் ஒவ்வொரு புள்ளியிலும் இடம், நேரம், மின்னழுத்தம் மூன்றும் சேமிக்கப்படுகின்றன. பல முனைக் கதீட்டர்களால் ஆயிரக்கணக்கான புள்ளிகள் சில நிமிடங்களில் சேர்கின்றன. திரையில் முந்தியது சிவப்பு, பிந்தியது ஊதா. குவிய நோயில் ஒரு சிவப்புத் திட்டு தோன்றி, சுற்றிலும் மஞ்சள், பச்சை, நீலம் என விரியும். சுழலில் சிவப்பும் ஊதாவும் ஒட்டி நிற்கும்.

இந்தப் படத்தின் அழகில் மயங்கக்கூடாது. முந்தியது எது என்பது, எந்தக் குறியிலிருந்து, எந்தக் கால இடைவெளிக்குள் அளக்கிறோம் என்று மருத்துவர் முன்கூட்டிக் கொடுத்த வரையறையைப் பொறுத்தது. சுழலில் அந்த வரையறையை மாற்றினால் சிவப்பு வேறிடம் பெயரும், நோய் பெயர்வதில்லை. தொலைவுத் திசுவின் மின்குறியை அருகிலுள்ளதாகக் கருவி எடுத்துக்கொண்டால் பொய்யான சிவப்பு பிறக்கும். ஆகவே பழைய சோதனைகள் இன்றும் நீதிபதிகளாக இருக்கின்றன. சந்தேகப் புள்ளியிலிருந்து விரைவுத் துடிப்பைச் சற்று முந்தும் வேகத்தில் தூண்டி நிறுத்தும்போது, அடுத்த துடிப்பு அங்கே திரும்பிவர எடுக்கும் நேரம் சுழலின் நேரத்தோடு 30 மில்லிநொடிக்குள் ஒத்துப்போனால் அந்த இடம் சுழலின் உறுப்பு. குவிய வகைக் கீழறை நோயில், புள்ளியைத் தூண்டிக் கிடைக்கும் இசிஜி பன்னிரண்டு முனைகளிலும் நோயின் இசிஜியோடு பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். ஒப்பிட நோயின் இசிஜி கையில் இருந்தாக வேண்டும். மங்கிய தாளின் இழப்பு இங்கே வந்து உறைக்கிறது.

6.3 வடுவைப் படித்தல்

மாரடைப்பில் செத்த தசை வடுவாகும். வடுவுக்குள் பிழைத்திருக்கும் மெல்லிய தசைவழிகளில் அலை தவழ்ந்து சுற்றுவதே உயிருக்கு ஆபத்தான கீழறை விரைவுத் துடிப்பு. சுழல் ஓடும்போது இரத்த அழுத்தம் பெரும்பாலும் சரிந்துவிடுவதால் அதைப் பொறுமையாக வரைய இயலாது. அப்போது மின்னழுத்த வரைபடம் கைகொடுக்கிறது: 0.5 மில்லிவோல்ட்டுக்குக் கீழ் அடர்ந்த வடு, 1.5க்கு மேல் நலமான தசை, இடையில் உள்ள விளிம்பில் வழிகள் இருக்கக்கூடும்.

வடு எப்போதும் மாரடைப்பால் வருவதில்லை என்பதை இந்திய மருத்துவர்கள் வலியுறுத்தியிருக்கிறார்கள். ஹைதராபாதில் சி. நரசிம்மன் குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வு, இதயத்தின் இறைக்கும் ஆற்றல் குறையாமல் கீழறை விரைவுத் துடிப்பு மட்டும் வந்த சிலருக்கு மார்பு நடுவில் நிணநீர்க் கணுக்கள் வீங்கியிருப்பதையும், திசுச் சோதனையில் காசநோயோ சார்காய்டோசிஸோ தெரிந்ததையும் காட்டியது. அவர்களுக்குச் சுடுவதற்கு முன் மருந்து தேவை. தோப்பூர் நெஞ்சக மருத்துவமனை காசநோயோடு நெடுங்காலம் போராடிய மதுரையில், இதய மருத்துவரும் நெஞ்சக மருத்துவரும் ஒரே நோயாளியைச் சேர்ந்து பார்க்க இது வலுவான காரணம்.

7. பிறப்பிடம் நழுவும் நோய்: ஏட்ரியல் ஃபிப்ரில்லேஷன்

1998இல் போர்தோ நகரின் ஹைசாகெர், 45 நோயாளிகளிடம் கண்ட 69 குவியங்களில் 65 நுரையீரல் சிரைகளுக்குள் இருந்ததை அறிவித்தார். மேலறை முழுதும் தாறுமாறாகத் துடிக்கும் நோய்க்கும் தொடக்கப்புள்ளி உண்டு என்ற செய்தி உலகெங்கும் சிகிச்சையை மாற்றியது. சிரைவாய்களைச் சுற்றிச் சுட்டுத் தனிமைப்படுத்துவதே இன்று அடிப்படை முறை.

விடாமல் நீடிக்கும் வகைக்கு அந்த வெற்றி தொடரவில்லை. 2012இல் சஞ்சீவ் நாராயண் குழுவினர் மேலறையில் சுழலும் மூலங்களைக் கூடை வடிவக் கதீட்டரால் வரைந்து அழிக்கலாம் என்று நம்பிக்கை தரும் முடிவை வெளியிட்டார்கள். பிறர் செய்த ஆய்வுகளில் அதே பலன் உறுதிப்படவில்லை. 2015இல் வந்த, 589 நோயாளிகள் பங்கேற்ற ஸ்டார் ஏஎஃப் இரண்டாம் ஆய்வு, சிரைகளைத் தாண்டிக் கூடுதலாகச் சுடுவதால் பலன் மிகவில்லை என்று காட்டியது.

நம் நாட்டில் இக்கேள்விக்கு வேறொரு முகம் உண்டு. இந்திய இதயத் துடிப்புச் சங்கத்தின் பதிவேட்டில் இடம்பெற்ற 1,537 ஏட்ரியல் ஃபிப்ரில்லேஷன் நோயாளிகளின் சராசரி வயது 54.7; ஏறத்தாழப் பாதிப்பேருக்கு, 47.6 விழுக்காட்டினருக்கு, ருமாட்டிக் வால்வு நோய் இருந்தது. சிறு வயதுத் தொண்டைப் புண்ணில் தொடங்கி மைட்ரல் வால்வு சுருங்கி, இடது மேலறை வீங்கி, சுவர் முழுதும் வடுவேறியபின் எந்தப் புள்ளியைப் போய்த் தேடுவது? அங்கே வால்வைத் திருத்துவதும் இரத்தக்கட்டியைத் தடுப்பதுமே முதல் வேலை. புகழ்பெற்ற புதிய மருந்தான ரிவராக்ஸபான், ருமாட்டிக் நோயாளிகளுக்குப் பழைய வைட்டமின் கே எதிர்ப்பு மருந்தைவிடத் தாழ்ந்த பலனே தந்ததை 2022இல் இன்விக்டஸ் ஆய்வு நிறுவியது. இரத்தம் உறையும் வேகத்தைக் கணிக்கும் ஐ.என்.ஆர். சோதனையோடு தரும் அந்தப் பழைய மாத்திரையே உசிலம்பட்டி நோயாளியின் மூளையை இரத்தக்கட்டியிலிருந்து காக்கிறது. பிறப்பிடம் தேடும் கருவியை எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று அறிவதும் இத்துறையின் அறிவே.

8. மதுரையிலிருந்து போகும் வழி

மதுரை மருத்துவக் கல்லூரி 1954இல் தொடங்கியது. 2019 ஜனவரி 27 அன்று இராசாசி மருத்துவமனையின் உயர் சிறப்பு வளாகம் திறக்கப்பட்டது. அதே நாளில் தோப்பூரில் எய்ம்ஸுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. இருந்தும் சிக்கலான துடிப்பு நோய்க்குத் தென் மாவட்டத்தார் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தையும், வேலூரையும், ஏறத்தாழ 460 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சென்னையையும் நாடும் பழக்கம் நெடுங்காலமானது. இதய மருத்துவம் படித்தபின் இபி துறையில் தனிப்பயிற்சி பெற்றவர்கள் பெருநகரங்களிலேயே குவிகிறார்கள். கருவியை விலைக்கு வாங்கி இறக்கிவிடலாம். நிறத்தைச் சந்தேகிக்கத் தெரிந்த மருத்துவரையும், மின்குறியைப் பிரித்தறியும் தொழில்நுட்பரையும் ஆண்டுகள் செலவிட்டுத்தான் உருவாக்க வேண்டும்.

பணத்தின் பக்கம் முன்பைவிட வெளிச்சம் உண்டு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் அதனோடு இணைந்த ஆயுஷ்மான் பாரத் திட்டமும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உதவுகின்றன. ஆயுஷ்மான் பாரத் தொகுப்புகளில் இபி ஆய்வும் ரேடியோ அதிர்வெண் சிகிச்சையும் உண்டு. ஆனால் நோய் இன்னதென்று எழுதிய தாள் இல்லாமல் எந்தத் தொகுப்பும் திறக்காது.

முன்மாதிரியைத் தேடி வெளியே போகத் தேவையில்லை. மாரடைப்புக்காக தாமஸ் அலெக்சாண்டரும் அஜித் முல்லாசாரியும் முன்னின்று நடத்திய தமிழ்நாடு ஸ்டெமி திட்டம், சிறு மருத்துவமனையில் எடுத்த இசிஜியை மைய மருத்துவமனையின் வல்லுநர் உடனே பார்க்கும்படி செய்தது. 2,420 நோயாளிகளைப் பற்றிய அதன் முடிவுகள் 2017இல் வெளியாயின. அதே கம்பி வழியே படபடப்பின் இசிஜியும் போகலாம். 2008 முதல் ஓடும் 108 ஊர்தியிலும், சேடபட்டியிலோ பேரையூரிலோ உள்ள சுகாதார நிலையத்திலும், நாடி 150க்கு மேல் இருந்தால் மருந்துக்கு முன் ஒரு பன்னிரு முனைத் தாள், மருந்து ஏறும்போது ஓடும் தாள், அடங்கியபின் ஒரு தாள் என்று எழுதிவைத்த விதி இருந்தால் போதும். நோயாளி மயங்கிச் சரியும் நிலையில் இருந்தால் மட்டும் இவ்விதியை விட்டு நேரே மின்னதிர்ச்சிக்குப் போக வேண்டும்.

அம்மூன்று தாள்களின் படங்கள் பெரியாஸ்பத்திரியின் இதயப் பிரிவில் ஒரு பதிவேட்டில் சேர வேண்டும். நோயாளியின் வயது, வட்டாரம், படபடப்பு எத்தனை ஆண்டுகளாக வருகிறது, இதற்கு முன் என்ன பெயர் சொல்லி அனுப்பப்பட்டார், எக்கோ (இதய ஒலியலை) சோதனையில் வால்வு எப்படி என்பனவும் அதில் இருக்கட்டும். ஐந்தாண்டு சேர்ந்தால் இந்தச் சமவெளியில் ஏவி கணுச் சுழல் எவ்வளவு, ருமாட்டிக் நோய் எவ்வளவு, வடுவில் பிறக்கும் துடிப்பு எவ்வளவு என்பது தெரியவரும். முப்பரிமாணக் கருவி ஒன்று போதுமா, இபி மருத்துவர் எத்தனை பேர் வேண்டும் என்பதை அதன்பின் கணக்கிட்டுக் கேட்கலாம்.